கார்புரேட்டரில் பெட்ரோல் வழிகிறதா? பழைய கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய கார் வைத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால் சீக்கிரமே இந்தப் புகார் வந்துவிடும்: "பெட்ரோல் வாடை தாங்கவில்லை, கார்புரேட்டர் வழிகிறது." கூடவே, "புது கார்புரேட்டர் போடச் சொல்கிறார்கள்" என்பார். அவசரப்பட வேண்டாம். நான் பிரித்துப் பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் அந்தக் கார்புரேட்டரின் உடம்புக்கு ஒன்றுமே இல்லை. கோளாறு இருந்தது ஒரு சின்ன நீடில் வால்விலும், அதைத் தள்ளும் ஃப்ளோட்டிலும், பின்னாலிருந்து பெட்ரோலை அழுத்தும் பம்பிலும்தான்.

ஃப்ளட் ஆகிறது, அதாவது பெட்ரோல் நிரம்பி வழிகிறது என்கிறார்களே, உள்ளே என்ன நடக்கிறது?

கார்புரேட்டரில் பெட்ரோல் தங்குவதற்கு ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. அதுதான் ஃப்ளோட் சேம்பர். தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து என்ன செய்கிறதோ அதைத்தான் இதற்குள் இருக்கும் ஃப்ளோட்டும் செய்கிறது. பெட்ரோல் ஏற ஏற ஃப்ளோட் மேலே வரும். குறிப்பிட்ட மட்டத்துக்கு வந்ததும் கூம்பு முனையுள்ள ஒரு நீடிலை அதன் இருக்கைக்குள் தள்ளி வழியை அடைத்துவிடும். இன்ஜின் குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும், நீடில் திறக்கும், மறுபடி நிரம்பும்.

இன்ஜினுக்குள் பெட்ரோல் போகும் வாய் இந்த மட்டத்தைவிடச் சில மில்லிமீட்டர்தான் உயரம். காற்று வேகமாகப் போய் உறிஞ்சினால் மட்டுமே பெட்ரோல் ஏறி வர வேண்டும் என்பது கணக்கு. நீடில் சரியாக மூடவில்லை என்றால் மட்டம் அந்த வாயைத் தாண்டிவிடும். அப்புறம் உறிஞ்சவே தேவையில்லை, தானாக வழியும். கார்புரேட்டரின் அமைப்பைப் பொறுத்து அது ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகத் தரையில் சொட்டலாம், அல்லது காற்று போகும் தொண்டை வழியாக நேராக இன்ஜினுக்குள் இறங்கலாம். தரையில் சொட்டினால் கண்ணுக்குத் தெரியும். உள்ளே இறங்குவதுதான் ஆபத்தான வகை.

கறுப்புப் புகை வருகிறது, பெட்ரோல் நிறையக் குடிக்கிறது. இதுவும் ஃப்ளட்தானா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கலவையில் பெட்ரோல் கூடிப்போனாலும் கறுப்புப் புகை வரும். பெட்ரோல் முழுதாக எரிய 1 கிலோவுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். அந்த விகிதம் கெட, பெட்ரோலை அளந்துவிடும் சின்னத் துளையான ஜெட் தேய்ந்திருக்கலாம், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் சோக் திறக்காமல் மாட்டியிருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம்.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்த கரி படிந்திருந்தால் கலவைக் கோளாறு. பெட்ரோலில் நனைந்து பளபளத்தால் ஃப்ளட் ஆகியிருக்கிறது, இல்லையென்றால் ஸ்பார்க்கே வரவில்லை. ஸ்பார்க் இல்லாத வண்டியில் திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்தாலும் பிளக் நனைந்துதான் வரும். பொறிக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயின்ட் தேய்ந்து கிடந்த ஒரு வண்டியின் கார்புரேட்டரை இரண்டு முறை பிரித்துப் பூட்டியவன் நான். அதனால் முதலில் ஸ்பார்க்கைப் பார்த்துவிடுங்கள். பெட்ரோல் வாடை அடிக்கும் இடத்தில் பிளக்கை வெளியே வைத்துப் பொறி பார்க்கக் கூடாது. காற்றாடவிட்டு, வாடை போன பிறகு பாருங்கள்.

நடுவழியில் ஃப்ளட் ஆகி நின்றுவிட்டது. எப்படி ஸ்டார்ட் செய்வது?

வெளியே எங்கும் பெட்ரோல் சொட்டவில்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சொட்டினால் ஸ்டார்ட் செய்யும் பேச்சே வேண்டாம்.

சொட்டவில்லை என்றால் சோக்கை முழுக்க உள்ளே தள்ளுங்கள். ஆக்சிலரேட்டரை மெதுவாகத் தரை வரை ஒரே ஒரு முறை மிதித்து, அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். ஐந்து முதல் பத்து விநாடி போதும். ஸ்டார்ட்டர் ஆற அரை நிமிடம் விட்டு மறுபடி அடிக்கலாம். பெடலோடு திறக்கும் காற்றுக் கதவான த்ராட்டில் முழுக்கத் திறந்திருப்பதால் காற்று நிறையப் போய் உள்ளே தேங்கிய பெட்ரோலை வெளியே தள்ளும். ஆட்டோமேட்டிக் சோக் உள்ள பல கார்களில் பெடலை முழுக்க மிதித்தால் சோக் தகடும் கொஞ்சம் திறந்துகொள்ளும்.

பெடலைக் குத்திக் குத்தி மிதிப்பதுதான் நம் எல்லோருக்கும் வரும் பழக்கம். ஆக்சிலரேட்டர் பம்ப் உள்ள கார்புரேட்டரில் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு பீச்சு பெட்ரோல் உள்ளே போகிறது. ஏற்கெனவே நனைந்து கிடக்கும் இன்ஜினுக்கு அது இன்னொரு குவளை தண்ணீர் ஊற்றுவது மாதிரி. எஸ்யூ (SU) தயாரிப்பு போன்ற கார்புரேட்டர்களில் அந்தப் பம்ப் கிடையாது, அங்கே குத்தினாலும் பெரிய கெடுதல் இல்லை.

நாலைந்து முறைக்கு மேல் முயன்றும் பிடிக்கவில்லை என்றால் பிளக்குகளைக் கழற்றித் துடைத்துக் காயவைத்துப் பூட்டுவதுதான் குறுக்கு வழி.

இரவு நிறுத்திய கார் காலையில் செல்ஃப் அடித்தால் 'டக்' என்று நின்றுவிடுகிறது. பேட்டரியா?

பேட்டரியாகவும் இருக்கலாம். ஆனால் பெட்ரோல் வாடையும் சேர்ந்து வந்தால் சாவியிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். இரவு முழுக்க வழிந்த பெட்ரோல், வால்வு திறந்திருந்த ஒரு சிலிண்டருக்குள் நிரம்பி நிற்கலாம். காற்றை அழுத்தலாம், திரவத்தை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வந்து முட்டும். வேகமாக முட்டினால் கனெக்டிங் ராடு வளையும். அதற்குப் பிறகு நாம் பேசுவது கார்புரேட்டரைப் பற்றியதாக இருக்காது.

செய்ய வேண்டியது இது. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு எல்லா பிளக்குகளையும் கழற்றுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, கையாலோ ஸ்பேனராலோ இன்ஜினை மெதுவாகச் சுற்றுங்கள். உள்ளே பெட்ரோல் இருந்தால் பிளக் துளை வழியாகப் பீச்சும், முகத்தைத் தள்ளியே வையுங்கள். வந்த பெட்ரோலைத் துணியால் ஒற்றி எடுத்து, வாடை அடங்கும் வரை பானெட்டைத் திறந்தே வையுங்கள். அதற்குள் பொறி வரக்கூடிய எதையும் இணைக்கக் கூடாது.

இன்ஜின் ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்குமா?

இன்ஜினுக்குள் வழிந்திருந்தால் கலந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இறங்கி, ரிங்குகளைத் தாண்டி ஆயில் சம்ப்பில் சேரும். டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். ஆயில் மட்டம் முன்பைவிட ஏறியிருந்தாலோ, ஆயில் தண்ணீர் மாதிரி விரலிலிருந்து ஓடினாலோ சந்தேகமே வேண்டாம். இளகிய ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது.

இதில் நான் கொஞ்சம் கறார். கார்புரேட்டரைச் சரிசெய்துவிட்டு, அதே ஆயிலில் "ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு மாற்றலாம்" என்பவர்கள் உண்டு. முதலில் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

தீப்பிடிக்கும் அபாயம் உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. பெட்ரோலின் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, மூலையிலும் குழியிலும் தேங்கும். காற்றில் சுமார் 1.4 சதவீதம் ஆவி இருந்தாலே பற்றிக்கொள்ளும். பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரியில்கூடப் பற்றும் அளவுக்கு ஆவி கிளம்பும் என்பதால் குளிர்காலத்திலும் சலுகை இல்லை.

வேலையைத் திறந்த வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். பழைய காலத்து பல்பு போட்ட கைவிளக்கு வேண்டாம், உடைந்தால் அதன் இழையே தீக்குச்சிதான். டார்ச் போதும். நுரை அல்லது உலர்தூள் தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் அதன்மேல் மிதந்து தீயைப் பரப்பும்.

கோளாறு எங்கே என்று பிரிக்காமலே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். ஏர் ஃபில்டரைக் கழற்றி, இன்ஜின் நின்றிருக்கும்போது தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். எலெக்ட்ரிக் பம்ப் என்றால் ஒருவர் பம்பை மட்டும் ஓடவிட, இன்னொருவர் பார்க்கலாம். இன்ஜின் ஓடாமலே வாயிலிருந்து பெட்ரோல் சொட்டினால் நீடில், ஃப்ளோட், பம்ப் அழுத்தம் மூன்றில் ஒன்றுதான். பம்பை நிறுத்திய சில விநாடிகளில் சொட்டுவதும் நின்றால் இன்னும் உறுதி.

மெக்கானிக்கல் பம்ப் இன்ஜினோடுதான் ஓடும். ஐட்லிங்கில், அதாவது பெடலை மிதிக்காமல் ஓடவிட்டு, முகத்தை நேர் மேலே கொண்டுபோகாமல், பக்கவாட்டிலிருந்து பாருங்கள். எஸ்யூ, ஸ்ட்ராம்பெர்க் தவிர மற்ற கார்புரேட்டர்களில் ஐட்லிங்கில் மெயின் வாயிலிருந்து சொட்டவே கூடாது. த்ராட்டில் மூடியிருக்கும்போது ஐட்லிங்கின் சின்னத் துளைகள் மட்டும்தான் வேலை செய்யும். சொட்டுகிறது என்றால் மட்டம் ஏறியிருக்கிறது.

வெளிப்பக்கம் ஈரமாக இருந்தால் எங்கிருந்து தொடங்குகிறது என்று துடைத்துவிட்டுப் பாருங்கள். கேஸ்கெட் கசிவும் ஓஸ் கசிவும் ஃப்ளட் அல்ல. எஸ்யூ எச்எஸ் வகையில் சேம்பரிலிருந்து ஜெட்டுக்குப் போகும் சின்ன நைலான் குழாயின் சீல் கசிந்து பலரை ஏமாற்றியிருக்கிறது.

சேம்பரை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டினால் சரியாகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

இது பழைய டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். நீடிலுக்கும் இருக்கைக்கும் நடுவே மாட்டிய தூசு தட்டினால் விலகும், ஒட்டிக்கொண்ட ஃப்ளோட்டும் விடுபடும். வீடு வந்து சேர இது போதும். ஆனால் தட்டிச் சரியானது என்பதே ஒரு தகவல்: உள்ளே அழுக்கு இருக்கிறது, அல்லது ஃப்ளோட் எங்கோ உரசுகிறது. இன்று விலகிய தூசு சேம்பருக்குள்தான் கிடக்கும். மரக் கைப்பிடியால் மெதுவாகத் தட்டுங்கள், சுத்தியல் வேண்டாம். பழைய கார்புரேட்டர்கள் பெரும்பாலும் துத்தநாகக் கலப்பில் வார்த்தவை, விரிசல் விட்டுவிடும்.

நீடில் வால்வு போய்விட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கழற்றி, கூம்பு முனையை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. சுற்றிவர மெல்லிய வளையம் மாதிரி கோடு விழுந்திருந்தால் தேய்ந்துவிட்டது. முனையில் ரப்பர் வைத்த நீடிலில் அந்த ரப்பர் பள்ளமாகியிருக்கும் அல்லது இறுகியிருக்கும்.

கண்ணால் பார்ப்பதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. மூடியோடு நீடிலும் ஃப்ளோட்டும் இருக்கும் வகையென்றால் மூடியைத் தலைகீழாகப் பிடியுங்கள். ஃப்ளோட்டின் எடையால் நீடில் மூடியிருக்கும். பெட்ரோல் வரும் குழாயில் கைப்பம்பால் லேசாகக் காற்று அழுத்திப் பார்த்தால் காற்று நிற்க வேண்டும். ஃப்ளோட்டை விரலால் தூக்கினால் உடனே போக வேண்டும். மூடியிருக்கும்போதும் புஸ்ஸென்று போனால் விடை கிடைத்துவிட்டது. வாயால் ஊதுவது பழைய முறை, பெட்ரோல் வாய்க்குப் போகிற பொருள் இல்லை.

நீடிலை மட்டும் மாற்றி, பழைய இருக்கையை விட்டுவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்து தேய்ந்தவை, சேர்த்தே மாற்ற வேண்டும். பற்பசை, வால்வு லேப்பிங் பேஸ்ட் போட்டு உரசிச் சரிசெய்யும் கைவைத்தியமும் வேண்டாம். இரண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் முன்பைவிட மோசமாகும்.

எஸ்யூ, ஸ்ட்ராம்பெர்க் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: கார்புரேட்டருக்குள்ளேயே இருக்கும் பிஸ்டனோடு ஏறி இறங்கும் நீளமான நீடில் வேறு, இது வேறு. கடையில் "நீடில்" என்று மட்டும் கேட்டால் எது வரும் என்று சொல்ல முடியாது. "ஃப்ளோட் சேம்பர் நீடிலும் சீட்டும்" என்று கேளுங்கள்.

ஃப்ளோட் ஓட்டையா என்று எப்படிப் பார்ப்பது?

பித்தளை ஃப்ளோட் என்றால் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சலசலத்தால் பெட்ரோல் புகுந்திருக்கிறது. சத்தம் இல்லாவிட்டாலும் நுண்ணிய ஓட்டை இருக்கலாம். கை பொறுக்காத அளவு சூடான தண்ணீரில் ஃப்ளோட்டை அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே உள்ள காற்று விரிந்து, ஓட்டை இருக்கும் இடத்தில் முத்து முத்தாகக் குமிழி வரும். தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, வேறு இடத்துக்குக் கொண்டுபோன பிறகு இதைச் செய்யுங்கள்.

ஈயம் வைத்து அடைக்கலாமா என்று கேட்பார்கள். மாற்று ஃப்ளோட் கிடைக்கும் என்றால் மாற்றுவதே நல்லது. கிடைக்காத அரிய கார்புரேட்டருக்கு அடைக்கலாம், ஆனால் உள்ளே ஒரு துளி பெட்ரோல்கூட இருக்கக் கூடாது. ஆவியோடு சூடாக்கினால் அது குட்டி வெடிகுண்டு. தீ ஊதி கிட்டேயே வரக் கூடாது, எலெக்ட்ரிக் சால்டரிங் அயர்ன் மட்டும். ஈயமும் எடைதான். தாராளமாகப் பூசினால் ஃப்ளோட் கனமாகி மட்டம் ஏறும், எதற்காக அடைத்தோமோ அதுவே திரும்பி வரும்.

நுரைப் பொருளால் செய்த கறுப்பு ஃப்ளோட்டில் ஓட்டை என்று ஒன்று இருக்காது. வருடக்கணக்கில் பெட்ரோலை மெல்ல மெல்லக் குடித்துக் கனக்கும். பார்வைக்குப் புதுசு மாதிரியே இருக்கும். எடை போட்டு, அதன் சரியான எடையோடு ஒப்பிட்டால்தான் தெரியும். காயவைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். இன்னும் பழைய கார்களில் தக்கையால் செய்த ஃப்ளோட் வரும். அதற்கு மேலே பூசியது அரக்கு. எத்தனால் கலந்த பெட்ரோல் அந்த அரக்கைக் கரைத்துவிடும். அப்புறம் தக்கை குடித்து மூழ்கும்.

ஃப்ளோட் லெவல் எவ்வளவு வைக்க வேண்டும்?

எல்லாக் காருக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது. உங்கள் கார்புரேட்டரின் மாடல் எண்ணுக்கான கையேட்டில் உள்ளதுதான் சரி. எஸ்யூ எச்எஸ் வகையில் மூடியைக் கவிழ்த்து வைத்தால் ஃப்ளோட்டுக்கும் மூடிக்கும் நடுவே சுமார் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். வெபர் டிசிஓஇ-யில் பித்தளை ஃப்ளோட்டுக்கு 8.5 மி.மீ. என்றால் பிளாஸ்டிக் ஃப்ளோட்டுக்கு 12 மி.மீ. ஒரே கார்புரேட்டர்தான், ஃப்ளோட் மாறினால் எண்ணே மாறுகிறது. பல ஹாலி கார்புரேட்டர்களில் சேம்பரின் பக்கத்தில் ஒரு பிளக் உண்டு. இன்ஜின் ஐட்லிங்கில் இருக்க, அதைக் கழற்றினால் பெட்ரோல் துளையின் கீழ் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும்.

அளப்பதற்குத் தனிக் கருவி வேண்டாம். அதே விட்டமுள்ள ட்ரில் பிட்டை இடைவெளியில் நுழைத்துப் பார்த்தால் போதும். ஆனால் ஸ்பிரிங் வைத்த நீடிலில் கவனம் வேண்டும். ஃப்ளோட்டின் முழு எடையும் ஸ்பிரிங்கை அமுக்கினால் அளவு தப்பாக வரும். மூடியைச் செங்குத்தாகப் பிடித்து, ஃப்ளோட்டின் நாக்கு நீடிலை லேசாகத் தொடும் நிலையில் அளக்கச் சொல்வது அதற்காகத்தான். கேஸ்கெட்டோடு அளப்பதா, இல்லாமலா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வளைக்க வேண்டியது அந்தச் சின்ன நாக்கை மட்டும். ஃப்ளோட்டைப் பிடித்துத் தள்ளி வளைத்தால் நாக்கு வளையாது, ஃப்ளோட்டின் கை கோணும், அல்லது நீடில் இருக்கையில் பதிந்து கெடும். நாக்கே இல்லாத பிளாஸ்டிக் ஃப்ளோட்டுகளில், இருக்கைக்கு அடியில் உள்ள வாஷரின் தடிமனை மாற்றி மட்டத்தைச் சரிசெய்வார்கள். மூடியில் திருகும் இருக்கையென்றால், வாஷர் தடிக்கத் தடிக்க நீடில் சீக்கிரம் மூடும், மட்டம் இறங்கும்.

புது நீடில், புது ஃப்ளோட், லெவலும் சரி. இன்னும் வழிகிறதே?

பம்பின் அழுத்தத்தை அளந்தீர்களா? பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு "இல்லை" என்றுதான் பதில் வரும்.

ஃப்ளோட்டின் பலம் குறைவானது. 2.5 மி.மீ. துளையுள்ள இருக்கையில் 3 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அழுத்தம் வந்தால் நீடிலைத் திறக்கத் தள்ளும் விசை சுமார் 10 கிராம் எடைக்குச் சமம். 6 பிஎஸ்ஐ என்றால் 20 கிராம். ஃப்ளோட்டின் மிதப்பு மாறவில்லை, எதிராளி இரண்டு மடங்காகிவிட்டான். அதனால் மட்டம் ஏறித்தான் சமநிலைக்கு வரும், அல்லது வரவே வராது. எஸ்யூ சுமார் 3 பிஎஸ்ஐ-க்கு மேல் விரும்பாது. வெபர் டிசிஓஇ 3 முதல் 3.5 வரை தாங்கும். ஹாலி 5 முதல் 7 வரை சமாளிக்கும்.

மெக்கானிக்கல் பம்ப் பழுதானதும் "எலெக்ட்ரிக் போட்டால் தொல்லை இல்லை" என்று ஏதோ ஒரு பம்பை மாட்டிவிடுவதில்தான் பல கதைகள் தொடங்குகின்றன. இன்ஜெக்‌ஷன் காருக்கான பம்ப் 40 பிஎஸ்ஐ-க்கும் மேல் தரும், அதை எந்த நீடிலும் தாங்காது. குறைந்த அழுத்தப் பம்பையே வாங்குங்கள், தேவைப்பட்டால் ரெகுலேட்டர் போடுங்கள். டேங்குக்குத் திரும்பிப் போகும் ரிட்டர்ன் லைன் உள்ள கார்களில் அது நசுங்கியோ அடைத்தோ இருந்தாலும் அழுத்தம் ஏறும். டி இணைப்பில் ஒரு கேஜ் மாட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அழுத்தமும் சரியென்றால் பார்க்க இன்னும் சில இடங்கள் இருக்கின்றன. ஃப்ளோட் சேம்பர் சுவரில் உரசுகிறதா? கேஸ்கெட்டின் ஓரம் உள்ளே நீட்டி ஃப்ளோட்டை மேலே வரவிடாமல் தடுக்கிறதா? ஃப்ளோட்டின் பின் தேய்ந்து ஆடுகிறதா? இருக்கைக்கு அடியில் வாஷர் போட மறந்தீர்களா? வாஷர் இல்லாவிட்டால் பெட்ரோல் நீடிலைச் சுற்றிக்கொண்டு மரை வழியாகவே இறங்கும், நீடில் பாவம் மூடியபடிதான் இருக்கும்.

அப்புறம் என் சொந்த முட்டாள்தனம் ஒன்று. எல்லாம் புதிதாகப் போட்டு மாட்டினேன், பத்தாவது நிமிடம் வழிந்தது. பிரித்தால் நீடில் முனையில் கடுகளவு கறுப்பு ரப்பர். புது ஓஸைக் கத்தியால் வெட்டி, உள்ளே துடைக்காமல் சொருகியிருக்கிறேன். ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே இருந்த ஓஸ் அது, ஃபில்டர் என்ன செய்யும்? இப்போதெல்லாம் ஓஸை மாட்டும் முன் பெட்ரோல் விட்டு அலசாமல் மாட்டுவதில்லை.

காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகிறது. ஓட்டிவிட்டுப் பத்து நிமிடம் நிறுத்தினால்தான் மக்கர். ஏன்?

இது வேறு நோய். இன்ஜினை நிறுத்தியதும் ஃபேனும் காற்றோட்டமும் நின்றுபோகும், ஆனால் இன்ஜினின் சூடு மேலே ஏறிக்கொண்டே இருக்கும். கார்புரேட்டர் அதிகச் சூடாவது ஓடும்போது அல்ல, நிறுத்திய சில நிமிடங்களுக்குப் பிறகுதான். சேம்பரில் உள்ள பெட்ரோல் கொதிக்கத் தொடங்கும். குமிழிகள் பெட்ரோலை ஜெட் வழியாக மேலே தள்ளி, இன்ஜினுக்குக் கலவை போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டுக்குள் சொட்டவிடும். பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே குழாயில் அடைபட்ட பெட்ரோலும் சூட்டில் விரிந்து நீடிலைத் தள்ளித் திறக்கும்.

இதற்கு நீடில் மாற்றிப் புண்ணியமில்லை. கார்புரேட்டருக்கு அடியில் இருக்க வேண்டிய, வெப்பம் கடத்தாத தடுப்புக் கட்டை இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது கழற்றிவிட்டு வெறும் கேஸ்கெட் போட்டிருப்பார்கள். எக்ஸாஸ்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே இருக்கும் தகரத் தடுப்பும் அப்படித்தான் காணாமல் போகும். பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்ட் பக்கம் போகாமல் திருப்புங்கள். ரிட்டர்ன் லைன் வைக்க முடிந்தால் நல்ல தீர்வு. அதுவரை, சூடான இன்ஜினைப் பெடலை மிதித்துப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள்.

வெயிலில் நிறுத்தினால் மட்டும் வழிகிறது. பம்ப் ஓடவே இல்லையே?

டேங்க் மூடியின் காற்றுத் துளையைப் பாருங்கள். பெட்ரோல் சூட்டில் விரியும். 40 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடானால் சுமார் முக்கால் லிட்டர் கூடும். டேங்குக்கு மூச்சு விட வழி இல்லாவிட்டால் அந்த அழுத்தம் பெட்ரோலைக் குழாய் வழியாக முன்னே தள்ளும். அடைத்த துளை ஓடும்போது பெட்ரோலை வரவிடாமலும், நிற்கும்போது வழியவிட்டும் இரண்டு பக்கமும் தொல்லை தரும். டேங்க் உயரத்தில் இருந்து தானாக இறங்கும் வகைக் கார் என்றால் நிறுத்தும்போதெல்லாம் டேங்க் குழாயை மூடிவிடுங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோலால்தான் இதெல்லாம் என்கிறார்களே?

எல்லாப் பழியையும் அதன்மேல் போடுவது நியாயமில்லை. ஆனால் பங்கு உண்டு. பழைய ரப்பரை அது ஊறவைத்து இளக்குகிறது. ஓஸின் உட்புறம் கறுப்புத் துகளாக உதிர்ந்து நீடிலில் வந்து உட்காரும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால், நீண்ட நாள் நிற்கும் காரில் சேம்பருக்குள் வெள்ளையாகத் துரு மாதிரி பூக்கும். எத்தனாலைத் தாங்கும் ஓஸ், பெட்ரோலைத் தாங்கும் வைட்டான் ரப்பர் முனையுள்ள நீடில், மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் சேம்பரைக் காலி செய்வது. இந்த மூன்றையும் செய்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது.

மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திருப்பி வழிவதை நிறுத்த முடியாதா?

முடியாது. அது ஐட்லிங் கலவைக்கு. வழிவது அதற்கு முன்னாலேயே நடக்கிறது. திருப்பினால் இரண்டு கோளாறு ஆகும்.

சேம்பர் மட்டம் சரியாகவே இருக்கிறது, ஆனாலும் உள்ளே பெட்ரோல் இறங்குகிறது. எப்படி?

சில கார்புரேட்டர்களுக்குச் சொந்தமான நோய்கள் இவை. ஹாலியில், இன்ஜினுக்குச் சுமை கூடும்போது கூடுதல் பெட்ரோல் தரும் பவர் வால்வின் டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்தால், மேனிஃபோல்டின் வெற்றிடம் அந்தக் கிழிசல் வழியாகவே பெட்ரோலை உறிஞ்சும். ஐட்லிங் ஸ்க்ரூக்களை முழுக்க மூடினாலும் இன்ஜின் அசராமல் ஓடிக்கொண்டிருந்தால் அதைச் சந்தேகிக்கலாம். பழைய ராச்செஸ்டர் குவாட்ராஜெட்டில் சேம்பரின் அடியில் உள்ள சின்ன அடைப்புகள் கசிந்து, இரவோடிரவாகச் சேம்பரையே காலி செய்துவிடும். பழைய எஸ்யூ எச் வகையில் ஜெட்டைச் சுற்றிய தக்கை சீல்கள் காய்ந்து கசியும்.

ரிப்பேர் கிட் போதுமா, புது கார்புரேட்டரே வாங்கலாமா?

உடம்பில் விரிசல் இல்லை, த்ராட்டில் ஷாஃப்ட் ஆடவில்லை என்றால் கிட் போதும். காரோடு பிறந்த கார்புரேட்டரை அவ்வளவு சீக்கிரம் தூக்கிப்போட எனக்கு மனம் வராது. மலிவான நகல் ஒன்றை வாங்கி, அதன் ஜெட்டும் லெவலும் உங்கள் இன்ஜினுக்குப் பொருந்த அலைவதைவிட, பழையதைச் சுத்தம் செய்வது குறைந்த வேலை. ஒரே ஒரு எச்சரிக்கை: கிட்டில் வரும் கேஸ்கெட் பழையதோடு அச்சாகப் பொருந்துகிறதா என்று ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். ஒரே கிட்டைப் பல மாடலுக்கும் விற்பார்கள், ஒரு துளை மாறியிருந்தாலும் போச்சு.

எல்லாம் பூட்டியாகிவிட்டது. எப்படிச் சோதிப்பது?

உடனே சாவியைப் போடாதீர்கள். காய்ந்த சேம்பர் நிரம்பும் முதல் நிமிடத்தில்தான் வழியும். எலெக்ட்ரிக் பம்ப் என்றால் இன்ஜினைச் சுற்றாமல் பம்பை மட்டும் ஓடவிடுங்கள். டிக்டிக் என்று அடித்துச் சேம்பர் நிரம்பியதும் அதன் சத்தம் குறைய வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. மெக்கானிக்கல் பம்பில் கைநெம்புகோல் இருந்தால் அதை அடியுங்கள், நிரம்பியதும் கைக்கு எதிர்ப்பு இல்லாமல் போகும்.

மூட்டுகளைச் சுற்றி வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள், ஈரம் உடனே தெரியும். காய்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடாகும் வரை ஐட்லிங்கில் விட்டு, தொண்டைக்குள் மறுபடி ஒரு பார்வை. பிறகு நிறுத்திக் கால் மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். மறுநாள் காலையில் முதல் வேலையாக டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்துவிட்டு, ஆயில் வாடை மட்டும்தான் வருகிறது என்றால் ஏர் ஃபில்டரைப் பூட்டிவிடலாம்.